நாற்பத்தெட்டாவது துண்டு

ஜனவரி 9

அன்புள்ள பாசஞ்சருக்கு,

அண்ணி எழுதுவது. மாமாவுக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. டாக்டர் சொன்னபடியே குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. முப்பது வருஷம் ஸ்டேஷன் மைக்கில் வண்டி வரும் நேரம், போகும் நேரம் சொன்ன மனுஷர் இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரை மேஜையில் தட்டுகிறார். சிலேட்டு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அதிலும் தந்தி அடிக்கிற மாதிரி இரண்டு வார்த்தைதான்.

நீ வீட்டுக்கு போன் செய்யாதே. போன் ஹாலில் இருக்கிறதா, மணி அடித்தால் பழக்கதோஷத்தில் இவர்தான் முதலில் எடுக்கிறார். காதில் வைத்த பிறகு பேச முடியாது என்று நினைவு வந்து அப்படியே நிற்கிறார். பார்க்கச் சகிக்கவில்லை. நாம் எழுதிக்கொள்வோம். கடிதத்தையும் வீட்டுக்கு வேண்டாம், என் போட்டோ கடை விலாசத்துக்கே அனுப்பு.

இதோடு ஒரு டிஸ்க் இருக்கிறது. நீ எனக்கு வாங்கி அனுப்பினாயே உள்ளங்கை அகலக் கேமரா, அதில் எடுத்த படம். போட்டோ எடுக்கத்தான் அது, வீடியோ அதற்கு உபதொழில். ஒரு தடவை அழுத்தினால் மூன்று நிமிஷம்தான் பிடிக்கும், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். மறுபடி அழுத்த வேண்டும். பிடிக்கும்போது ஜூம் கிடையாது, கிட்டே வேண்டுமென்றால் நாம்தான் நடந்து போக வேண்டும். உன் அண்ணன் இருக்கிறாரே, போட்டோவுக்குத் திருப்பிப் பிடிக்கிற மாதிரி கேமராவை நட்டுக்குத்தலாகப் பிடித்துத் தொலைத்திருக்கிறார். மாமா அதில் சுவரில் படுத்துக்கொண்டு காபி குடிக்கிறார்! அதையெல்லாம் நிமிர்த்தி, ஆடுகிற இடங்களை வெட்டி, மின்விசிறி இரைச்சலைக் குறைத்து, கடை கம்ப்யூட்டரில் சாப்பாட்டு நேரம் சாப்பாட்டு நேரமாக உட்கார்ந்து ஒரே படமாகக் கோத்திருக்கிறேன்.

கடைசியில் வருவது ஆபரேஷனுக்கு முந்தின நாள் எடுத்தது. அவராகவே கூப்பிட்டார். "குரல் இருக்கும்போதே எல்லாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிடறேன், பிடிச்சுக்கோம்மா" என்றார். உன் அண்ணனுக்கு, எனக்கு, ஸ்டேஷன் நண்பர்களுக்கு, எல்லாருக்கும் சொன்னார். கடைசியில் உனக்கு. அது உனக்கு வலிக்கும். அந்த இடத்தை எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் பெரியவர் வாயிலிருந்து கடைசியாக வந்த பேச்சு, அதில் கை வைக்க நான் யார்? ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு பார்.

குட்டிக்கு என் முத்தம். உன் ஆம்புலன்ஸ்காரரை மெதுவாக ஓட்டச் சொல். அவர் வேலைக்கு அது சரிவராது என்றாலும் சொல்.

அண்ணி

*

பிப்ரவரி 20

அண்ணி,

பதில் எழுத இத்தனை நாளானதற்குக் கோபிக்காதீர்கள். பார்த்துவிட்டேன். பார்த்தபிறகு நாலைந்து நாள் பல் லேபுக்குப் போய், செய்ய வேண்டிய பல் செட்டுகளை முன்னே வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். மெழுகு இறுகிப்போய் இரண்டு அச்சு வீண். லேபில் திட்டு வாங்கினேன்.

"அவ செஞ்சதை நான் மன்னிக்கவே மாட்டேன்." அப்பா இதைச் சொல்லி முடித்ததும் படம் அப்படியே நின்று மெல்ல இருட்டுகிறது, புல்லாங்குழல் வருகிறது. அந்தப் புல்லாங்குழலை மட்டும் நீங்கள் போட்டிருக்க வேண்டாம்.

சரி. ஆயிற்று. நான் ஆபரேஷனுக்கு முன்னால் வந்து நிற்கவில்லை என்று உறவுக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். வரச் சொல்லாத வீட்டுக்கு எப்படி வருவது? குரல் போகிறதற்கு முன்னால் ஒரு "வா" சொல்லமாட்டாரா என்றுதான் காத்துக்கொண்டிருந்தேன். இனி அவர் சொல்லவும் முடியாது, நான் கேட்கவும் முடியாது. கதவு சாத்தியாயிற்று. நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்.

நான் கிளம்பிய அன்று காலை ஞாபகம் இருக்கிறதா அண்ணி? அப்பாவுக்கு விடுமுறை நாளாகப் பார்த்து நீங்களும் நானும்தானே திட்டம் போட்டோம். பெண்டாட்டி போய், கையில் குழந்தையோடு இருந்த மனிதரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று உங்கள் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தேன். பெட்டியைக் கட்டினது நீங்கள். ஸ்டேஷனில் நிற்கிறேன், ஒலிபெருக்கியில் அப்பா குரல்! லீவில் இருந்தவர் வேலைக்கு வந்து என் வண்டியை அறிவிக்கிறார். பிளாட்பாரம் மாறியிருக்கிறது என்று சொல்கிறார். எந்த அறிவிப்பும் இரண்டு தடவைதான். என் வண்டிக்கு மட்டும் மூன்று தடவை சொன்னார். உன் திருட்டுத்தனம் எனக்குத் தெரியும் என்று குத்திக் காட்டுகிறார் என்று எனக்கு அப்போதே விளங்கியது. பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடிப்போய் ஏறினேன்.

காட்டிக் கொடுத்தது அண்ணன்தான். வேறு யார்? எப்படியோ மோப்பம் பிடித்து அப்பாவிடம் போய் ஓதியிருக்கிறான். அதிலிருந்து அவன் குரலைக்கூட நான் கேட்கவில்லை. கூடப் பிறந்தவன் கூட இருந்தே குழி பறித்தான். எங்கிருந்தோ வந்த நீங்கள்தான் எனக்குப் பிறந்த வீடு.

அப்பா கழுத்தை யார் சுத்தம் செய்கிறார்கள்? நீங்கள்தானே? தெரியும்.

உங்கள் பாசஞ்சர்

*

மார்ச் 14

என் கண்ணே,

நீ அழுதிருப்பாய் என்று தெரியும். உன் கடிதத்தைக் கடையிலேயே படித்துவிட்டு பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தவரைக் காக்க வைத்துவிட்டேன். நீ சொல்வது சரி. வராமல் இருப்பதே நல்லது. வந்து நின்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் உன்னால் தாங்க முடியாது. ஆறப் போட்டால் எல்லாம் ஆறும்.

மாமா பரவாயில்லை. கஞ்சியாகத்தான் உள்ளே போகிறது. துளையைத் துடைப்பது நான்தான். உன் அண்ணனுக்கு அதைப் பார்த்தாலே மயக்கம் வருகிறது, அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு. காலையில் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் மாமா எழுந்து வாசல் கேட்டுவரை போகிறார். பென்ஷன் காகிதம் எதையோ எதிர்பார்க்கிறார் போலிருக்கிறது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

உன் அண்ணன் விஷயத்தை விடு. பழையதைக் கிளறி என்ன ஆகப்போகிறது? அவரிடம் பேசாமலிருப்பதே உனக்கு நிம்மதி என்றால் அப்படியே இரு. நான் இருக்கிறேன்.

அண்ணி

*

மே 3

அண்ணி,

ஒரு சந்தேகம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்பா எதற்கும் "நன்றி" சொல்லாமல் வாயை மூடினதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மைக்கில்தான் என்று இல்லை. வீட்டில் என்னைத் திட்டி முடித்தாலும் "நன்றி"தான். "இனிமே அந்த ரேடியோவை இவ்வளவு சத்தமா வெச்சே, தூக்கி வெளியே போட்டுடுவேன். நன்றி." நாம் இரண்டு பேரும் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். படத்தில் உங்களுக்குச் சொன்னதன் கடைசியில் நன்றி இருக்கிறது. அண்ணனுக்கும் இருக்கிறது. ஸ்டேஷன்காரர்களுக்கும் இருக்கிறது. எனக்கு மட்டும் இல்லை. கோபத்தில் விட்டிருப்பார் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் டிஸ்கை லேப் கம்ப்யூட்டரில் போட்டேன். கடைசிக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது வாய் ஒன்றுதான் அண்ணி. பல் செட் மாட்டினவர்கள் பேசும்போது எந்த எழுத்தில் நாக்கு எங்கே தட்டுகிறது, உதடு எப்படிப் போகிறது என்று பார்த்துத்தான் நாங்கள் பல்லை ராவிச் சரிசெய்வோம். "மாட்டேன்" என்று முடித்த வாயில் உதடு விரிந்து இருக்க வேண்டும். நீங்கள் நிறுத்தி வைத்திருக்கிற படத்தில் அப்பாவின் உதடு குவிகிறது. "உ" சொல்லப் போகிற உதடு. அப்பா ஒவ்வொரு எழுத்தையும் அழுத்திச் சொல்கிற ஆள் என்று உங்களுக்கே தெரியும். அவர் சொன்னது "மாட்டேன்" இல்லை, "மாட்டேன்னு."

மாட்டேன்னு என்ன? மாட்டேன்னு சொன்னேன், மாட்டேன்னு நினைச்சேன், மாட்டேன்னு சொல்ல நான் யாரு? அந்த "னு"வுக்கு அப்புறம் எது வேண்டுமானாலும் வரலாம். நம் பேச்சில் ஆமாம், இல்லை எல்லாம் வால் பக்கம்தானே இருக்கிறது?

இன்னொன்று. படத்தோடு, துண்டுகள் இருந்த கம்ப்யூட்டர் ஃபோல்டரின் பொடிப் படங்களும் தவறி டிஸ்கில் ஏறியிருக்கின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் முகப்பாகக் கேமராவே எடுத்து வைக்குமே, தபால்தலை அளவில், அதுதான். உதடு குவிகிற துண்டு நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு என்று ஒரு பொடிப் படம் இருக்கிறது. அதற்கான துண்டு உங்கள் படத்தில் எங்கேயும் இல்லை. அதில் அப்பா கையை நீட்டி நேராகக் கேமராவைக் காட்டுகிறார். அதாவது கேமராவைப் பிடித்திருப்பவரை.

அது என்ன அண்ணி?

நான்

*

மே 25

உனக்கு,

நன்றாக இருக்கிறதடி உன் நியாயம். இங்கே ஒருத்தி வேலைக்கும் போய், வந்ததும் வராததுமாகக் கிழவர் கழுத்துச் சளியைத் துடைத்து, துணியை வெந்நீரில் அலசிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். நீ அங்கே சொகுசாக உட்கார்ந்து உதட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறாய். செய்கிறவளுக்குத்தான் பழி.

கேமரா மூன்று நிமிஷத்தில் தானாக நின்றுவிடும் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நின்றுவிட்டது. நான் வெட்டவில்லை, அது வெட்டியது. மறுபடி அழுத்தினேன். அதற்குள் அவர் "போதும், நிறுத்து" என்று கையைக் காட்டிவிட்டார். அதுதான் உன் நாற்பத்தெட்டு. அதில் பார்க்கவும் கேட்கவும் எதுவும் இல்லை. கேமராவின் மெமரி கார்டையும் அழித்து வேறு படம் எடுத்தாயிற்று.

வாக்கியம் அரைகுறையாக நிற்கக் கூடாதென்று கடைசியில் ஒரு எழுத்தைக் குறைத்திருப்பேன். இதெல்லாம் இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிறதுதான். பொத்தலை அப்படியே விட்டால் படம் எடுபடாது. இதை ஒரு கொலைக் குற்றம் மாதிரி எழுதுகிறாய். நான் உனக்கு என்ன குறை வைத்தேன்?

அண்ணி

*

ஜூன் 11

"ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை" என்று ஜனவரியில். "ஒரு எழுத்தைக் குறைத்திருப்பேன்" என்று மே மாதத்தில்.

அண்ணனுக்கு போன் செய்தேன். வீட்டுக்கு இல்லை, அவன் ஆபீசுக்கு. "யாரு?" என்றான். என் குரல் அவனுக்கு மறந்துபோயிருந்தது. நான்தான் என்றேன். உடனே என் மேல் பாய்ந்தான். "அப்பா அவ்வளவு தூரம் சொல்லி அனுப்பினாரே, உனக்கு மனசே இல்லையா? ஒரு வரி பதில் போட்டியா?" என்றான்.

என்ன சொல்லி அனுப்பினார் என்று கேட்டேன். "ஆஸ்பத்திரில சிலேட்டுல எழுதிக் காட்டினாரு, அவளை வரச் சொல்லியாச்சுன்னு. நீதான் எட்டிக்கூடப் பார்க்கல." நீயாவது எனக்கு எழுதியிருக்கலாமே என்றேன். "எழுதறேன்ப்பான்னு சொன்னேன். 'சொல்லியாச்சு. இனி அவள் இஷ்டம்'னு எழுதிட்டு சிலேட்டைக் கவுத்துட்டாரு. அறிவிப்பு கொடுத்தாச்சு, அதுக்கு மேல பயணியைக் கையைப் பிடிச்சா இழுக்க முடியும்னு அவருக்கு எண்ணம்." நீ டிஸ்கைப் பார்த்தாயா என்றேன். அவன் பார்க்கவில்லை. அழுகை வரும் என்று பார்க்கவில்லையாம்.

அந்தக் காலை விஷயத்தையும் கேட்டேன். "நானா? நீ போனதே எனக்கு அன்னிக்கு சாயங்காலம்தான் தெரியும். வேலை முடிஞ்சு வந்தா வீடே இடிஞ்சு கிடக்குது" என்றான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயசில் சர்க்கரை டப்பாவைத் திறந்தால்கூட அவனே போய் ஒப்புக்கொள்கிறவன். இத்தனை வருஷம் அவனை நான் தலை முழுகியிருந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அவன் இல்லையென்றால் மிச்சம் யார் என்று எண்ணிப் பார்க்க எனக்கு விரல் தேவைப்படவில்லை. தெரிந்த ஆள் ஒருத்திதான். அப்பாவின் விரலும் அவளைத்தான் காட்டுகிறது.

வேலியே பயிரை மேய்ந்தது என்று கேட்டிருக்கிறேன். மேய்ந்துவிட்டு, பயிர் பட்டுப்போயிற்று என்று கடிதமும் போட்டு, ஆறுதலும் சொல்லுமா? தபால்காரர் மணிக்கு எழுந்து போகிறார் என்று எழுதினீர்களே. பென்ஷன் காகிதமா அது? யார் கடிதத்துக்காக எழுந்து போகிறார் என்று தெரிந்துகொண்டே, என் கடிதங்களைக் கடையில் வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டீர்களே, உங்களுக்கு அவருடைய கஞ்சியை ஆற்றிக் கொடுக்கக் கை எப்படி வந்தது?

கார்டை அழித்திருக்க மாட்டீர்கள். அழிந்த படத்துக்கு யாரும் இவ்வளவு கோபப்பட மாட்டார்கள். அனுப்புங்கள்.

*

ஜூன் 30

அனுப்பியிருக்கிறேன். பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. நாற்பத்தெட்டை நான் எதிலும் வெட்டவில்லை. கேமராவில் இருந்தபடியே இருக்கிறது. அழிக்கப் பலமுறை போனேன். கை வரவில்லை.

நீ போய்விட்டால் அந்த வீட்டில் எனக்குப் பேச ஒரு நாதி கிடையாது. மாமா தடுத்துவிடுவார் என்று நினைத்துத்தான் நீ கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவரிடம் சொன்னேன். அவர் தடுக்கவில்லை. நீ என்னை நம்பிக் கடிதம் போட ஆரம்பித்தாய். அதற்குமேல் காட்டிக் கொடுத்தது நான்தான் என்று எப்படிச் சொல்வேன்? நாற்பத்தெட்டில் அவர் வார்த்தைக்கு வார்த்தை என்னைத்தான் காட்டுகிறார். இடையிலிருந்து என்னை மட்டும் எடுக்க எவ்வளவோ பார்த்தேன். என்னை எடுத்தால் எல்லாமே போகிறது.

மாமாவிடம் மட்டும் எதுவும் சொல்லாதே. உன் காலில் விழுகிறேன். அந்த வீட்டில் தினமும் அவர் முகத்தில் விழிக்க வேண்டியவள் நான், நீ இல்லை.

*

ஜூலை 18

பார்த்தேன். குட்டியையும் அவரையும் கடைக்கு அனுப்பிவிட்டுத் தனியாகப் பார்த்தேன்.

நீங்கள் கேட்டதுதான். ஆனாலும் எழுதுகிறேன். நான் கேட்டேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

"...இதோ நிக்கறாளே, மருமக, இவகிட்டகூடச் சொன்னேன். இவதான் வந்து சொன்னா, மாமா, பொண்ணு நாளைக்குக் காலைல கிளம்பறா, நிறுத்திடுங்கன்னு. நான் நிறுத்தல. ஏன் நிறுத்தலன்னு இவ இன்னிக்கு வரைக்கும் கேட்கல. கேளும்மா. கேட்க மாட்டியா? சரி, நானே சொல்றேன். நிறுத்தணும்னா எனக்கு மைக்குல ஒரு வார்த்தை போதும். என் பொண்ணு எப்பவும் அரைத்தூக்கத்துல தப்பான பிளாட்பாரத்துல போய் நிப்பா, அதனாலதான் நான் வெச்ச பேரு பாசஞ்சர். பிளாட்பாரம் வேற மாறிப்போச்சு. நான் பேசாம இருந்திருந்தா அவ வண்டி அவளை விட்டுட்டுப் போயிருக்கும். அதுக்குத்தான் லீவை விட்டுட்டு வேலைக்கு ஓடினேன். மூணு தடவை சொன்னேன். அதுக்கு மேல ஒரு அப்பன் எப்படிம்மா ஆசீர்வாதம் பண்றது? மன்னிக்க மாட்டேன்னு ஊரெல்லாம் சொன்னது இந்த வாய். நாளைக்கு இதுக்குத் தண்டனை. அவ வரட்டும். அந்தக் குட்டியையும் கூட்டிக்கிட்டு வரட்டும். நன்றி."

பின்னாலிருந்து உங்கள் மூச்சு கேட்கிறது. அழுகிறீர்கள். அழுதுகொண்டே பிடித்திருக்கிறீர்கள், கேமரா ஆடவே இல்லை. அதை உட்கார்ந்து பார்த்த பிறகுதான் கத்தரியை எடுத்திருக்கிறீர்கள்.

எனக்கு உங்கள் மேல் வருகிற கோபத்துக்கு எந்த வார்த்தையும் போதவில்லை. நீங்கள் அன்று காட்டிக் கொடுத்ததைக்கூட விட்டுவிடுவேன். பேச ஆள் வேண்டும் என்று செய்தீர்கள், எனக்கும் அங்கே வேறு யார் இருந்தார்கள்? ஆனால் என் அப்பாவின் கடைசிக் குரலை எடுத்து, எனக்கு வந்த அழைப்பை எடுத்து, அதையே என் முகத்தில் அறையும்படி திருப்பி, புல்லாங்குழலும் போட்டு அனுப்பினீர்களே. ஆறு மாசமாக ஒரு மனிதர் கேட்டுக்கும் நாற்காலிக்கும் நடந்துகொண்டிருக்கிறார். பெண் தன் அழைப்பைக் கேட்டும் வரவில்லை என்று.

அப்பாவிடம் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. நீங்கள்தான் காட்டப் போகிறீர்கள். எனக்கு அனுப்பிய படத்தை, வெட்டினது வெட்டினபடி, டிவியில் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். புல்லாங்குழல் முடியும்வரை. நான் ஏன் வரவில்லை என்று அவருக்கு வேறு எப்படியும் தெரியாது. நான் வந்து நின்று விளக்கம் சொன்னால் அது சாக்கு மாதிரி இருக்கும்.

நீங்கள் காட்டிவிட்டேன் என்று எழுதின பிறகுதான் டிக்கெட் எடுப்பேன். தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் உங்கள் கணக்கில்.

*

ஆகஸ்ட் 6

காட்டிவிட்டேன்.

மத்தியானம். உன் அண்ணனையும் கூட உட்காரச் சொன்னேன். முதலில் மாமா ரசித்துத்தான் பார்த்தார். சுவரில் படுத்துக் காபி குடித்ததை நான் நிமிர்த்தியிருப்பதைக் கண்டு தோள் குலுங்கச் சிரித்தார், சத்தம் வராத சிரிப்பு. உன்னிடம் பேசும் இடம் வந்தது. "மாட்டேன்" என்றதும் படம் நின்றது. அவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். இருட்டியது, புல்லாங்குழல் வந்தது. அவர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார். நன்றி வரவில்லையே என்று பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. திரை நீலமாகிற வரை பார்த்தார்.

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். உன் அண்ணன், "இவ்வளவுதானா அவளுக்குப் போச்சு?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். உன் அண்ணன் என்னை அடித்திருந்தால் தேவலை. எழுந்து போய் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றார்.

மாமா சிலேட்டை எடுக்கவில்லை. அலமாரியைத் திறந்து கேமராவை எடுத்தார். என்னை அவர் நாற்காலியில் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். எதிரே நின்று என் முகத்துக்கு நேராகப் பிடித்து, பேசு என்று விரலை அசைத்தார்.

பேசினேன். உன்னிடம்தான் பேசினேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் எங்கெங்கோ சுற்றினேன். கடைசியில் சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயெடுத்தபோது மூன்று நிமிஷம் ஆகி கேமரா நின்றுவிட்டது. மறுபடி அழுத்துவார் என்று பார்த்தேன். அவர் அழுத்தவில்லை. கேமராவை என் மடியில் வைத்துவிட்டு கேட்டுப் பக்கம் போய்விட்டார்.

அந்தத் துண்டை அப்படியே அனுப்புகிறேன். மாமாவும் உன் அண்ணன் மாதிரியேதான், நட்டுக்குத்தலாகப் பிடித்துவிட்டார். நான் பக்கவாட்டில் விழுந்து கிடப்பேன். நிமிர்த்தவில்லை. உனக்கு வேண்டுமென்றால் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொள். இடையிடையே புஸ் புஸ்ஸென்று கேட்பது மின்விசிறி இல்லை, அவர் மூச்சு. அதையும் குறைக்கவில்லை.

*

ஆகஸ்ட் 24

அண்ணி,

டிக்கெட் எடுத்துவிட்டேன். குட்டியும் வருகிறாள். அண்ணனுக்கு போன் செய்து நேரம் சொல்லியிருக்கிறேன், அவன் அப்பாவை ஸ்டேஷனுக்கு அழைத்து வருவான். எந்த பிளாட்பாரம் என்று சிலேட்டில் எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறாராம். எழுத்து பெரிதாக வேண்டும் என்று சிலேட்டை மாற்றி வாங்கி வரச் சொல்லியிருக்கிறாராம். அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னான், பிறகு சட்டென்று போனை வைத்துவிட்டான்.

உங்கள் துண்டைப் பார்த்தேன். கழுத்தைச் சாய்த்தே பார்த்தேன், இன்னும் வலிக்கிறது. "உன்கிட்ட நான் கேட்கறது ஒண்ணே ஒண்ணுதான்" என்பதோடு நிற்கிறீர்கள். வாய் திறந்திருக்கிறது. மீதி என்ன என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேமரா பிடிக்காததை நானாக ஒட்டிக்கொள்ள மாட்டேன்.

அப்பாவின் கழுத்தைத் துடைக்கும் முறையை எனக்குக் கற்றுக்கொடுங்கள். இருக்கிற நாளெல்லாம் நான் செய்கிறேன். நீங்கள் கொஞ்சம் உட்காருங்கள்.

வந்ததும் எல்லார் முன்னாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க மாட்டேன். அடுப்படியில் சிரிக்கவும் செய்வேனோ என்னவோ, பழக்கதோஷம். அதைப் பார்த்து நீங்கள் ஏமாந்துவிடக் கூடாது. அதனால் சொல்ல வேண்டியதை இப்போதே எழுத்தில் வைக்கிறேன். உங்களுக்குப் பழகின அளவுக்கே வெட்டியிருக்கிறேன்.

அண்ணி, உங்களை நான் மன்னிச்சுட்டேன்னு